டிஷ்வாஷரில் வெள்ளைப் படலமா? முதலில் ஒரு டம்ளரை எடுங்கள்

டிஷ்வாஷர் வாங்கிய மூன்றாவது நான்காவது மாதத்தில் பல வீடுகளில் இது நடக்கும். கழுவி எடுத்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மோர் குடித்துவிட்டு அலசாமல் வைத்தது போல ஒரு மங்கல். எவர்சில்வர் தட்டில் திட்டுத்திட்டாக வெள்ளை. மெஷின் கதவின் உட்பக்கம் விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிறது. சோப்பு சரியாக அலசப்படவில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஒருவர் பவுடரைக் குறைப்பார். இன்னொருவர் அழுக்குதான் போகவில்லை என்று ஒரு ஸ்பூன் கூட்டுவார். இரண்டு வீட்டிலும் வெள்ளை அப்படியே இருக்கும்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவள். 2020 பொதுமுடக்கத்தின்போது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல் போனதில் வாங்கிய மெஷின் எங்களுடையது. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து ஏறும் மொட்டைமாடி டேங்க். ஆறு மாதம் தடுமாறிய பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த வெள்ளையில் நான்கு வகை இருக்கிறது, நான்கையும் கையாளும் விதம் வேறு. எது என்று தெரியாமல் கழுவ ஆரம்பித்தால் கரண்டும் தண்ணீரும் பவுடரும்தான் வீண். ஆகவே முதலில் ஒரு கண்ணாடி டம்ளரையும், வெள்ளை படிந்த ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எந்த வெள்ளை என்று கண்டுபிடிப்பது

விரலை நனைத்துக்கொண்டு படலத்தின் மேல் நன்றாகத் தேயுங்கள். வழவழவென்று வழுக்கி, லேசாக நுரை கட்டினால் அது சோப்பு. குழாயில் காட்டித் தேய்த்தால் போய்விடும். கரையாத பவுடர் என்றால் நறநறவென்று விரலில் தட்டும், பெரும்பாலும் தட்டின் குழிவிலும் கிண்ணத்தின் அடியிலும்தான் தங்கியிருக்கும்.

வழுக்கவில்லை, காய்ந்ததும் மறுபடி வெள்ளை தெரிகிறது என்றால் அதே இடத்தில் இரண்டு சொட்டு வினிகர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். எலுமிச்சைச் சாறும் போதும். அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகிவிட்டால் அது தண்ணீரின் உப்பு. வாளியிலும் கெய்சரிலும் பாத்ரூம் குழாயிலும் படிகிறதே, அதே கால்சியம் மெக்னீசியம் படிவு. எங்கள் வீட்டில் "சோப்புக் கறை" என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் முக்கால்வாசி இதுதான்.

மூன்றாவது வகையை நம் ஊர் அடுக்களைக்கே உரியது என்று சொல்லலாம். குக்கரில் சாதம் வைக்கும் பாத்திரம், கஞ்சி வடித்த சட்டி, இட்லி மாவு எடுத்த கிண்ணம் ஆகியவற்றில் மட்டும் மெல்லிய வெண்மை. இது அரிசியின் மாவுச்சத்து. முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தால், ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் தடவிப் பாருங்கள். கருநீலமாக மாறினால் சந்தேகமே இல்லை, கஞ்சிதான். பள்ளிக்கூட அறிவியல் சோதனை இப்படி ஒரு நாள் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை. சோதித்த பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

வினிகருக்கும் அசையவில்லை, தேய்த்தாலும் போகவில்லை, கண்ணாடி மட்டும் பனி படர்ந்தது போல இருக்கிறது என்றால் அது படிவே கிடையாது. கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப் போயிருக்கிறது. அதிகச் சூடும் காரமான பவுடரும், அளவுக்கு மீறி மென்மையாக்கிய, அதாவது அந்தக் கால்சியம் மெக்னீசியத்தை எடுத்துவிட்ட தண்ணீரும் சேர்ந்தால் இப்படி ஆகும். இதற்கு வைத்தியம் இல்லை. அந்த டம்ளரில் பேனா போட்டு வைக்கலாம். மிச்சக் கண்ணாடிகளை மேல் தட்டில் அடுக்கி, சூடு குறைந்த புரோகிராமில் போடுங்கள்.

நுரை வெளியே வந்துவிட்டால்

சோப்பு படிவதில் மிக மோசமான வகை, தவறான சோப்பைப் போட்டுவிடுவது. எங்கள் வீட்டில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரியே பவுடர் தீர்ந்திருந்தது. விருந்தினர் வந்துபோன பாத்திரம் முழுவதும் உள்ளே அடுக்கியாகிவிட்டது. சிங்க் ஓரத்தில் எலுமிச்சை வாசனையோடு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் நின்றது. இரண்டு ஸ்பூன்தானே என்று பவுடர் பெட்டிக்குள் ஊற்றி மூடிவிட்டேன். இருபது நிமிடம் இருக்கும். கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நாக்கு நீண்டது. அப்புறம் இரண்டு பக்கமும். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "என்னம்மா, பால் பொங்கிடுச்சா?" என்றார். பழைய வேட்டி இரண்டு, மாப் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

காரணம் எளியது. 1886ல் அமெரிக்காவில் ஜோசபின் காக்ரன் காப்புரிமை பெற்ற மெஷினிலேயே பாத்திரத்தைத் தேய்க்க பிரஷ் கிடையாது, தண்ணீரை வீசி அடிப்பதுதான் வேலை. இன்றைய மெஷினும் அதையேதான் செய்கிறது. அடியில் தேங்கும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீரை ஒரு பம்ப் உறிஞ்சி, சுழலும் கைகளின் துளைகள் வழியாகத் திரும்பத் திரும்பப் பீய்ச்சுகிறது. கையால் தேய்க்கும் லிக்விட் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. தண்ணீர் நுரையாகிவிட்டால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், வீச்சு போய்விடும். அழுக்கும் போகாது, சோப்பும் அலசப்படாது. டிஷ்வாஷர் பவுடரில் நுரை ஏறக்குறைய இல்லாததற்கு இதுதான் காரணம்.

இது உங்களுக்கு நடந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. மெஷினை நிறுத்துங்கள். தரையில் தண்ணீர் பிளக் பாயிண்ட் வரை போயிருந்தால் சுவிட்சைத் தொடாமல், மெயின் பெட்டியில் அந்த இணைப்பை இறக்கிவிடுங்கள். உள்ளே சூடாக இருக்கும். ஐந்து நிமிடம் விட்டுக் கதவைத் திறங்கள்.

2. பாத்திரங்களை எல்லாம் சிங்குக்கு மாற்றிவிடுங்கள். அவற்றில் ஏற்கெனவே சோப்பு இருக்கிறது, வெறும் ஸ்க்ரப்பரால் தேய்த்து அலசினால் போதும்.

3. பவுடர் பெட்டியைப் பாருங்கள். நான் முதல் தடவை இதைத்தான் விட்டுவிட்டேன். லிக்விட் கெட்டியாக அதன் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரத்துணியால் நாலைந்து முறை துடைத்து, துணியைப் பிழிந்தால் நுரை வரவில்லை என்று ஆகும்வரை எடுங்கள். இதைச் செய்யாமல் மறுபடி ஓட்டினால் பொங்கல் இரண்டாம் நாளும் தொடரும்.

4. உள்ளே நிற்கும் நுரையை ஒரு குவளையால் அள்ளி வெளியேற்றுங்கள். அள்ள முடியாததை டவலால் ஒற்றி எடுக்கலாம். ஆர்வக்கோளாறில் அதன் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், இன்னும் நுரைக்கும்.

5. ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயை அடியில் ஊற்றுங்கள். எண்ணெய் நுரையின் தோலை உடைத்துவிடும். சாம்பாரில் பருப்பு பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவோமே, அதே வித்தை. கரண்ட் இணைப்பு காய்ந்த நிலையில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீரை வெளியேற்றும்படி மெஷினை ரீசெட் செய்யுங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

6. இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரை மெதுவாக அடியில் ஊற்றி மறுபடி வெளியேற்றுங்கள். நுரை அடங்கும்வரை இதையே செய்யுங்கள். எனக்கு நான்கு தடவை ஆனது.

7. கடைசியாக வெறும் மெஷினை அலசும் புரோகிராமில் ஒரு முறை ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை வரவில்லை என்றால், அரை அளவு டிஷ்வாஷர் பவுடர் போட்டு சூடான புரோகிராமில் இன்னொரு முறை. ஊற்றிய எண்ணெயும் அதில் போய்விடும்.

நுரையோடு தண்ணீர் மெஷினின் அடித்தட்டில் இறங்கிவிட்டால் ஒரு தொல்லை உண்டு. அங்கே ஒரு சின்ன மிதவை இருக்கும். தண்ணீர் தேங்கினால் அது மேலே எழும்பி, கசிவு என்று மெஷினுக்குச் சொல்லிவிடும். மெஷின் ஸ்டார்ட் ஆகாமல், தண்ணீரை வெளியேற்றும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டால் இதுதான். குழாயை மூடி, பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மெஷினைப் பின்பக்கம் சாய்த்துத் தண்ணீரை வடிக்கலாம் என்பார்கள். நாற்பது ஐம்பது கிலோ கனத்தைத் தனியாளாகச் சாய்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படிந்ததை எடுப்பது

பொங்கும் அளவுக்கு விபரீதம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் நாளாக நாளாக உள்ளே பிசுக்கும் வெள்ளையும் சேர்ந்திருக்கிறது என்றால், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கீழ்த்தட்டை முழுதாக வெளியே இழுத்து வையுங்கள்.

ஃபில்டரில் ஆரம்பிப்போம். தரையின் நடுவில் உருளையாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் இடஞ்சுழியாகத் திருகித் தூக்கினால் கையோடு வந்துவிடும், கூடவே தட்டையான ஒரு சல்லடையும். முதல் முறை எடுப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். எங்களுடையதில் கறிவேப்பிலை, கடுகு, ஒரு புளியங்கொட்டை, தட்டில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு என்று ஒரு குடும்ப வரலாறே இருந்தது. குழாயடியில் பழைய டூத்பிரஷால் உள்ளும் புறமும் தேயுங்கள். இங்கே தேய்க்க மட்டும் ஒரு சொட்டு லிக்விட் போடலாம், ஆனால் நுரை முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். கம்பி நாரால் தேய்த்தால் சல்லடை கிழியும். ஃபில்டர் எடுத்த குழிக்குள் கை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள், உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கும் இடம் அது.

ஃபில்டர் அடைத்திருந்தால் என்ன ஆகும் என்றால், அழுக்குத் தண்ணீர் சரியாக வடியாது. சோப்புத் தண்ணீர் கொஞ்சம் அடியில் தங்கி, கடைசி அலசலிலும் கலக்கும். சோப்பு தங்குகிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வாரம் ஒரு முறை எடுத்துக் கழுவுங்கள். நம் சமையலுக்கு மாதம் ஒரு முறை போதாது.

அடுத்து சுழலும் கைகள். கீழ்க்கையை மேல்நோக்கி இழுத்தாலே பல மெஷின்களில் வந்துவிடும். மேல்கையை ஒரு மரையாணி பிடித்திருக்கும், அதைக் கையாலேயே திருகி எடுக்கலாம். வெளிச்சத்தில் தூக்கித் துளைகளைப் பாருங்கள். சீரகமோ உப்புக் கட்டியோ அடைத்திருக்கும். இதற்கு விற்கும் கருவிகளை விட தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி மேல், வளையும், கீறாது. குத்திவிட்டு, ஒரு முனையில் தண்ணீரைக் காட்டினால் எல்லாத் துளையிலிருந்தும் வர வேண்டும். கையைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

கதவின் அடி விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் வீச்சு அங்கே போகாது. சோப்பும் எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பசையாக நிற்கும், நாற்றத்துக்கும் அதுதான் காரணம். வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பர் மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் துடையுங்கள். பவுடர் பெட்டியின் மூடியும் அப்படியே. ஈரமான பெட்டியில் பவுடர் போட்டால் அது கட்டியாக இறுகிவிடும். மழைக்காலத்தில் இது அதிகம்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்துங்கள். ஃபில்டர் பூட்டிக்கொள்ளும்வரை திருகியிருக்கிறதா, கைகள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று ஒரு முறை பாருங்கள்.

இப்போது உப்பைக் கரைக்கும் கட்டம். கடையில் கிடைக்கும் டிஷ்வாஷர் கிளீனர் ஒன்றை வாங்கி, அதில் சொன்னபடி ஓட்டுவது சுலபமான வழி. சிக்கன வழி சிட்ரிக் ஆசிட். இரண்டு மேசைக்கரண்டி போதும். எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி மேல் தட்டில் வைக்கும்படி நிறையப் பேர் சொல்வார்கள். சூடான புரோகிராம்கள் பலவற்றில் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு முன்கழுவல் உண்டு. கிண்ணத்தில் இருப்பது அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும், சூடு ஏறும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. நானும் மூன்று பாட்டில் வினிகரை இப்படி வீணாக்கியவள்தான். சிட்ரிக் ஆசிட்டைப் பவுடர் பெட்டியில் போட்டு மூடுங்கள். முக்கியக் கழுவல் தொடங்கும்போது அது தானாகத் திறந்து வெந்நீரில் கலக்கும். கூடவே பவுடர் போட வேண்டாம். பவுடர் காரம், இது அமிலம், ஒன்றை ஒன்று அடித்துவிடும். பேக்கிங் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்வதும் இந்தக் கணக்குதான். பார்க்க நன்றாகப் பொங்கும், அவ்வளவே.

பாத்திரம் எதுவும் இல்லாமல், இருப்பதிலேயே சூடான புரோகிராம். பொதுவாக 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். முடிந்ததும் கதவைத் திறந்தால் உட்சுவர் வாங்கியபோது இருந்த பளபளப்புக்கு வந்திருக்கும். மறுநாள் பாத்திரம் போடுமுன் ஒரு சின்ன அலசல் ஓட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அமிலம் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது.

ப்ளீச்சிங் திரவத்தை மெஷினுக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்டீலை அது அரிக்கும். வினிகரோடோ சிட்ரிக் ஆசிட்டோடோ கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

திரும்ப வராமல் இருக்க

மெஷினுக்கு மூன்று தீனி: பவுடர், சால்ட், ரின்ஸ் எய்ட். வாங்கும்போது மூன்றும் ஒரு பையில் கொடுப்பார்கள். முதல் பை தீர்ந்ததும் பவுடரை மட்டும் வாங்குவோம். சால்ட் எதற்கு, பாத்திரம் தேய்க்க உப்பா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்த சால்ட் பாத்திரத்துக்கு வருவதே இல்லை. மெஷினின் அடியில், கழுவும் இடத்துக்குச் சம்பந்தமில்லாமல், பிசின் மணிகள் நிரம்பிய ஒரு அறை இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. கொஞ்ச நாளில் மணிகள் நிரம்பிவிடும். அப்போது உப்புக் கரைசலைச் செலுத்தி மெஷின் அவற்றைப் புதுப்பித்துக்கொள்கிறது. சால்ட் தீர்ந்துபோனால் மணிகள் சும்மா உட்கார்ந்திருக்கும், தண்ணீர் அந்தக் கால்சியம் மெக்னீசியத்தோடு, அதாவது கடினமாகவே உள்ளே வரும். பவுடரில் ஒரு பங்கு அந்தக் கடினத்தோடு சண்டை போடுவதிலேயே தீர்ந்து, வெள்ளைப் படலமாகப் பாத்திரத்தில் இறங்கும். முன்பு பவுடரில் இருந்த பாஸ்பேட் இந்தச் சண்டையை நன்றாகப் போட்டது. ஏரிகளில் பாசி பெருகக் காரணமாகிறது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 2010லும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017லும் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அங்கேயும் வெள்ளைப் படலப் புகார் கிளம்பியது.

சால்ட் போடுவது இப்படி. சால்ட் அறையின் மூடியைத் திருகித் திறங்கள். முதல் தடவை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும், அப்புறம் எப்போதும் தேவையில்லை. புனலை வைத்து, டிஷ்வாஷர் சால்ட்டை நிரம்பும்வரை கொட்டுங்கள், ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். கொட்டக் கொட்ட உள்ளிருக்கும் தண்ணீர் வழியும், பயப்பட வேண்டாம். விளிம்பில் ஒட்டிய கல்லைத் துடைத்துவிட்டு மூடியை இறுக்கி, தாமதிக்காமல் ஒரு கழுவல் ஓட்டுங்கள். சிந்திய உப்புநீர் தங்கினால் ஸ்டீல் துருப்பிடிக்கும். மூடி சரியாக இறுகாவிட்டால் உப்புநீர் கசிந்து பாத்திரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும், அதையும் சோப்பு என்றே நினைப்போம். சமையல் உப்பு வேண்டாம். அதில் கட்டிப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் மணிகளுக்கு ஆகாது.

சால்ட் போட்டால் மட்டும் போதாது, தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. பையன் பேனா போன்ற மீட்டரை முக்கி ஒரு எண் சொல்வாரே, அது டிடிஎஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கணக்கு அது. கடினத்தன்மை அதில் ஒரு பகுதிதான். அதை அளக்கத் தனிப் பட்டை அல்லது சொட்டு மருந்துக் கிட் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி, ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. மெஷின் கையேட்டில் இதே கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரி என்ற அலகில் போட்டிருப்பார்கள். கிடைத்த எண்ணை 17.8 ஆல் வகுங்கள். எங்கள் டேங்கில் 450 வந்தது, அதாவது 25 டிகிரி. மெஷினோ கடையில் வைத்திருந்த அளவிலேயே இருந்தது. கையேட்டைப் பார்த்து இரண்டு படி ஏற்றிய மறுநாளே தட்டு மாறிவிட்டது. கோடையில் லாரித் தண்ணீர் மட்டும் வரும் மாதங்களில் மறுபடி அளந்து பாருங்கள், தண்ணீர் மாறியிருக்கும்.

ரின்ஸ் எய்ட் கடைசி அலசலில் கலந்து, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்தோடச் செய்கிறது. சொட்டு நின்று காய்ந்தால்தானே வட்டக் கறை. இதற்கும் அளவு வைக்கும் ஏற்பாடு உண்டு. சொட்டுக் கறை இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள். நீலம் பூத்த வழவழப்பான கோடுகள் தெரிந்தால் ஏறிவிட்டது, இறக்குங்கள்.

பவுடர் அளவைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பெட்டிக்குள் 15, 25 என்று கோடு இருக்கும், மில்லி லிட்டர் கணக்கு. காலை டம்ளர் தட்டுகளுக்குக் கீழ்க்கோடு, கடாயும் குக்கரும் சேர்ந்தால் மேல்கோடு. சாதப் பாத்திரத்தில் கஞ்சிப் படலம் நிற்கிறது என்றால் மட்டும் அளவைக் கூட்டுங்கள். பவுடரில் உள்ள என்சைம்தான் மாவுச்சத்தை உடைக்கிறது, அதற்கு வேலை செய்ய நேரமும் வேண்டும். மாத்திரையாக வருவதை அரை மணி நேரப் புரோகிராமில் போடாதீர்கள், பாதிதான் கரையும்.

பவுடர் பெட்டிக்கு எதிரே என்ன வைக்கிறோம் என்பதும் முக்கியம். தோசைத்தட்டு மாதிரி அகலமான ஒன்றை அங்கே நிறுத்தினால் மூடி முழுதாகத் திறக்காது. திறந்தாலும் தண்ணீர் வீச்சு அங்கே போகாது. கழுவி முடித்துப் பார்த்தால் பவுடர் பாதி அங்கேயே சேறாக நிற்கும். கிண்ணங்களைக் கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

இன்னொன்று நம் பழக்கத்தால் வருவது. கடாயைச் சிங்கில் போட்டு, லிக்விட் ஊற்றி ஊறவைத்து, அந்த நுரையோடே மெஷினுக்குள் ஏற்றிவிடுவோம். பவுடரைச் சரியாகப் போட்டும் நுரை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வீடுகளில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஊறவைக்க வெறும் தண்ணீர் போதும். வீட்டு வேலைக்கு வருபவர் அடுக்குகிறார் என்றால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்துத்தான் வைப்பார்.

இத்தனையும் செய்தும் சோப்பு தங்கினால் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்கள் குறைந்தது அரை பார் கேட்கின்றன. கடைசி மாடி வீட்டுக்கு டேங்க் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருக்கும், 0.3 பார் வந்தாலே பெரிது. மெஷின் இணைத்த குழாயைக் கழற்றி ஒரு பத்து லிட்டர் வாளியில் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் கவலையில்லை. இரண்டு நிமிடம் ஆகிறது என்றால், முதலில் குழாய் முனையில் உள்ள சின்ன வலையை எடுத்துக் கழுவுங்கள், போர் தண்ணீர் மணல் அங்கேதான் சேரும். அப்புறமும் வேகம் இல்லை என்றால் பிளம்பரிடம் பிரஷர் பம்ப் பற்றிப் பேசலாம்.

அப்படியே வெளியேறும் குழாயையும் பாருங்கள். அதைத் தரையோடு பாத்ரூம் ஜாலியில் விட்டிருந்தால், கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தானாக வடிந்துபோகும், கடைசி அலசலுக்குத் தண்ணீர் பற்றாது. தரையிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உயரத்துக்கு வளைத்துத் தூக்கி, அப்புறம் இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் சிங்குக்கு அடியில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறோம். ஒரு மீட்டருக்கு மேலும் தூக்காதீர்கள், பம்ப் திணறும்.